‘மணமானவரா?’: அகதி வழக்கும் பிரிந்திருக்கும் இணையரும்

1951ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடி அகதிகள் உடன்படிக்கையை எழுதிய அரசுப் பிரதிநிதிகள் தனி ஆள் ஒருவரை மனத்தில் வைத்தே எழுதினார்கள். இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல் ஆகிய ஐந்தில் ஒன்றுக்காகத் துன்புறுத்தப்படுவோம் என்று தக்க காரணத்தோடு அஞ்சி, சொந்த நாட்டுக்கு வெளியே நிற்பவர் அகதி. அவருக்கு ஒரு மனைவியோ கணவரோ உண்டு, அவர் ஊரிலேயே மாட்டிக்கொண்டிருப்பார் என்பது அந்தப் பிரதிநிதிகளுக்குத் தெரியாததல்ல. மணவாழ்வால் வந்த உரிமைகளை மதிக்க வேண்டும் என்று 12ஆம் விதி சொல்கிறது. ஆனால் பிரிந்தவர்களைச் சேர்த்துவைக்கும் கடமை 46 விதிகளில் எங்கும் இல்லை. குடும்பம் சிதறாமல் காக்க அரசுகள் ஆவன செய்யலாம் என்ற எண்ணம், மாநாட்டின் இறுதி ஆவணத்தில் பரிந்துரையாக மட்டும் சேர்க்கப்பட்டது. பரிந்துரை எந்த அரசையும் கட்டுப்படுத்தாது. யாழ்ப்பாணத்திலும் டமாஸ்கஸிலும் அஸ்மாராவிலும் விசாவுக்காகக் காத்திருக்கும் மனைவிமாரின் கதை அந்த ஓட்டையில்தான் தொடங்குகிறது.

அந்தக் காத்திருப்பை அலுவலகத் தாமதம் என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஃபைல் தேங்கியிருக்கிறது, ஆள் போதவில்லை, தூதரகத்தில் நேரம் கிடைக்கவில்லை. இதெல்லாம் உண்மைதான். ஆனால் கடந்த கால் நூற்றாண்டுச் சட்டங்களைத் தேதி வரிசையில் அடுக்கிப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. பல நாடுகள் தெரிந்தே, எழுதிவைத்தே, கணவன் மனைவியரைக் காத்திருக்க வைத்திருக்கின்றன. புதிதாக வருவோரைத் தடுக்கும் கருவியாக அந்தக் காத்திருப்பைப் பயன்படுத்தியிருக்கின்றன.

அசைலம் கேட்டு வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே துணையை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க முடியுமா? பிரிட்டனில் முடியாது, ஜெர்மனியில் முடியாது, அமெரிக்காவில் முடியாது, கனடாவிலும் முடியாது. தஞ்சம் கிடைத்தது என்ற முடிவு வந்த பிறகுதான் அந்தப் பேச்சே எழும். முதல் முடிவு மறுப்பாக வந்தால் மேல்முறையீடு, அதற்கும் மேலே இன்னொரு நீதிமன்றம். இத்தனை காலமும் விண்ணப்பதாரர் சட்டத்தின் கண்ணில் பாதி ஆள்தான்: இருக்கலாம், ஆனால் யாரையும் அழைக்க முடியாது. லண்டனிலும் டொரொன்டோவிலும் அறையில் நாலைந்து பேராகத் தங்கியிருந்த ஈழத்து ஆண்களுக்கு எண்பதுகளிலிருந்தே பழகிப்போன தொலைபேசி உரையாடல் ஒன்று உண்டு. “இஞ்சாருங்கோ, இண்டைக்கும் கடிதம் ஒண்டும் வரேல்லையோ?” என்பாள் மனைவி. வந்திருந்தால் அவர் முந்திக்கொண்டு சொல்லியிருப்பார் என்பது இருவருக்குமே தெரியும்.

இந்தப் பொதுவிதிக்கு விலக்குகள் சில உண்டு. கணவன், மனைவி இருவருமே அந்த நாட்டுக்குள் வந்துவிட்டால் ஒருவர் விண்ணப்பத்தில் மற்றவரைச் சேர்க்கலாம், அல்லது இருவரும் தனித்தனியே கேட்கலாம். இருவரும் ஐரோப்பாவுக்குள்ளேயே, ஆனால் வெவ்வேறு நாடுகளில் அகப்பட்டுக்கொண்டால் டப்ளின் ஒழுங்குவிதி உதவிக்கு வரும். இந்தப் பெயரைக் கேட்டாலே அகதிகள் நடுங்குவார்கள், ஏனென்றால் கைரேகை வைத்த முதல் நாட்டுக்குத் திருப்பியனுப்பும் சட்டமாகத்தான் அதை அறிவார்கள். அதே 2013ஆம் ஆண்டு விதியில் ஒன்பதாவது, பத்தாவது பிரிவுகள் வேறு மாதிரியானவை. மனைவி குழந்தைகளோடு கிரேக்கத் தீவொன்றில் பதிவாகியிருக்கிறார், கணவர் ஜெர்மனியில் அசைலம் கேட்டு முதல் முடிவுக்காகக் காத்திருக்கிறார் என்றால், இருவரும் எழுத்தில் விரும்பிக் கேட்டால் மனைவியின் வழக்கையும் ஜெர்மனியே ஏற்க வேண்டும். கிரேக்கம் மூன்று மாதத்துக்குள் கோர வேண்டும், ஜெர்மனி இரண்டு மாதத்துக்குள் பதில் தர வேண்டும், சம்மதித்த ஆறு மாதத்துக்குள் ஆளை அனுப்ப வேண்டும். தாளில் அழகாக இருக்கிறது. 2017இல் ஜெர்மனி சம்மதித்துவிட்ட குடும்பங்களே விமானம் ஏற முடியாமல் ஏதென்ஸில் கெடு தாண்டியும் காத்துக் கிடந்தன.

டப்ளின் விதியில் இன்னொரு முள் உண்டு. குடும்பம் என்பது சொந்த நாட்டிலேயே உருவாகியிருக்க வேண்டும். போரில் தப்பி இஸ்தான்புல்லில் சந்தித்து அங்கேயே மணந்துகொண்ட சிரிய இணையர் அந்த விதியின்படி குடும்பமே அல்லர். வழியில் உருவான குடும்பங்களையும் ஏற்கும்படி 2024இல் நிறைவேறிய புதிய ஐரோப்பிய ஒழுங்குவிதி இதை மாற்றியது. நடைமுறைக்கு வருவதற்கு 2026 வரை கெடு வைத்தார்கள்.

இனி தலைப்பில் உள்ள கேள்விக்கு வரலாம். விமான நிலையத்திலோ முகாமிலோ நிரப்பும் முதல் படிவத்தில் பெயர், பிறந்த தேதிக்கு அடுத்தபடியாகக் கேட்பது மணமானவரா என்பதைத்தான். களைத்துப்போய், பயந்துபோய் உட்கார்ந்திருப்பவருக்கு அது சாதாரணக் கேள்வியாகத் தெரியும். கூட்டிவந்த ஏஜென்சிக்காரர் வழியிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்: “கலியாணம் முடிச்சதெண்டு சொல்லிப்போடாதேங்கோ. தனிய எண்டு சொன்னால்தான் சுகம்.” ஏன் சுகம் என்று அவருக்கும் தெரியாது. சிலர் வேறு காரணத்தால் மறைக்கிறார்கள். ஊரில் இருக்கும் மனைவியின் பெயர் ஒரு அரசாங்க ஃபைலில் ஏறினால் அது எப்படியோ கொழும்புக்குப் போய்ச் சேரும் என்ற அச்சம் அவர்களுக்கு. அசைலம் வாக்குமூலம் சொந்த நாட்டு அரசுக்குத் தரப்படுவதில்லை என்று யாரும் அவர்களுக்கு எடுத்துச்சொல்வதில்லை.

‘தனிய’ என்ற அந்த ஒரு சொல்லின் விலையைக் கனடாவில் காணலாம். அங்கே தஞ்சம் கிடைத்தவர் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கும்போதே வெளிநாட்டில் இருக்கும் மனைவி, குழந்தைகளின் பெயரையும் அதில் சேர்த்துவிடலாம். ஸ்பொன்சர் செய்யத் தனியாக வருமானம் காட்ட வேண்டியதில்லை. மற்ற நாடுகளோடு ஒப்பிட்டால் தாராளமான ஏற்பாடு. ஆனால் குடிவரவு ஒழுங்குவிதிகளில் 117(9)(d) என்று ஒரு பிரிவு இருக்கிறது. நிரந்தர வசிப்புரிமை பெற்ற நாளில் ஒரு குடும்ப உறுப்பினர் அதிகாரிகளின் பரிசோதனைக்கு உட்படுத்தப்படாமல் விடுபட்டிருந்தால், பிற்பாடு அவரைக் குடும்ப வகுப்பில் அழைக்கவே முடியாது. ஏன் விடுபட்டார், ஏமாற்றும் எண்ணமா, அறியாமையா என்பதை விதி கேட்பதில்லை. 2005இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த விதியைச் செல்லும் என்றது.

வேண்டுமென்று மறைத்தவர்கள் மட்டும் இதில் மாட்டவில்லை. விண்ணப்பித்தபோது உண்மையிலேயே தனியாள். முடிவு வர ஆண்டுகள் ஆயின. இடையில் பெண் பார்த்தார்கள், கலியாணம் முடிந்தது. பிறகு வசிப்புரிமைப் பத்திரம் வந்தது. பழைய படிவத்தில் எழுதியபடியே தனியாள் என்று கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டார். இனி ஸ்பொன்சர் பண்ணலாம் என்று மகிழ்ச்சியோடு விண்ணப்பித்தபோது, அந்த மனைவி குடும்ப உறுப்பினரே அல்லர் என்று பதில் வந்தது. மனிதாபிமான அடிப்படையில் விலக்குக் கேட்டு வாதாடுவதுதான் மிஞ்சிய வழி. 2019 செப்டம்பரில்தான் கனடா அரசு ஒரு பரீட்சார்த்தத் திட்டத்தின் கீழ் அகதிகளாக வந்தவர்களுக்கும், தாமே ஸ்பொன்சர் செய்யப்பட்டு வந்தவர்களுக்கும் இந்தத் தடையைத் தளர்த்தியது. பிறகு அதை நீட்டித்தது. விதி மட்டும் புத்தகத்தில் அப்படியே இருந்தது.

மணம் எப்போது நடந்தது என்ற தேதி பல நாடுகளில் ஆளின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் தஞ்சம் பெற்றவர், தஞ்சம் கிடைத்த நாளுக்கு முன்பே மணந்த துணையை ஐ-730 என்ற படிவத்தால் அழைக்கலாம், கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். தஞ்சம் கிடைத்த மறுநாள் தாலி கட்டியவருக்கு அந்தப் படிவம் பயன்படாது. பிரிட்டனோ, சொந்த நாட்டைவிட்டுத் தப்புவதற்கு முன் மணந்தவர்கள், பின் மணந்தவர்கள் என்று கோடு கிழித்தது. 2006இல் அங்கே அகதி நிலை பெற்ற ஒரு சோமாலியர் அடுத்த ஆண்டு ஜிபூத்தியில் திருமணம் செய்துகொண்டார். மனைவிக்கு விசா மறுக்கப்பட்டது. அதே பிரிட்டனில் படிக்க வந்த வெளிநாட்டு மாணவர் அப்படி மணந்திருந்தால் மனைவியை அழைத்திருக்க முடியும். அகதிக்கு மட்டும் முடியாது. 2012 நவம்பரில் ஸ்ட்ராஸ்பூர்க்கின் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இதைப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. ஊருக்குத் திரும்ப முடியாதவர் கலியாணத்தை மட்டும் ஊரை விட்டு ஓடுவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் என்ன நியாயம் இருக்கிறது என்று கேட்க ஒரு நீதிமன்றம் வேண்டியிருந்தது.

திருச்சியிலும் சென்னையிலும் மண்டபம் நடத்துவோர்க்கு இந்தச் சட்டத்தின் இன்னொரு பக்கம் நன்றாகத் தெரியும். மாப்பிள்ளை சூரிச்சிலிருந்தோ பாரிஸிலிருந்தோ வருவார், பெண் யாழ்ப்பாணத்திலிருந்து வருவார், இருவருக்கும் அந்த ஊரில் உறவே இருக்காது. காரணம் எளிது. அகதிக்குத் தரப்படும் பயண ஆவணம் சொந்த நாட்டுக்குச் செல்லாது. சென்றால், அந்த நாட்டின் பாதுகாப்பை மீண்டும் நாடிவிட்டார் என்று சொல்லி அகதி நிலையையே பறிக்க உடன்படிக்கையின் முதல் விதி இடம் தருகிறது. கனடாவில் 2012 டிசம்பரிலிருந்து அப்படிப் பறிபோனால் நிரந்தர வசிப்புரிமையும் கூடவே போகும். ஆகவே தாய் தகப்பன் இல்லாத, நாதஸ்வரக்காரரும் போட்டோக்காரரும் மட்டும் கூடிநிற்கும் கலியாணங்கள். கூறைச்சேலை, தாலி, எல்லாம் முறைப்படிதான்.

ஆனால் அந்த ஆல்பத்தை விசா அதிகாரி புரட்டும்போது அவர் கண்ணில் படுவது வேறு. மணமகன் பக்கத்தில் உறவினர் ஒருவரும் இல்லை. விருந்தினர் வரிசை குறைவு. திருமணம் இரண்டு பேருக்குமே அந்நியமான ஊரில். உண்மையான மணமா, குடிவரவுக்காகச் செய்ததா என்று சோதிக்கும் விதி எல்லா நாடுகளிலும் இருக்கிறது, அந்தச் சோதனையில் இவையெல்லாம் சந்தேகக் குறிகள். ஒரு சட்டம் ஊரில் கலியாணம் வைக்காதே என்கிறது. இன்னொரு சட்டம் ஏன் ஊரில் வைக்கவில்லை என்று கேட்கிறது. இரண்டையும் எழுதியது ஒரே அரசாங்கம்.

எனவே ஒவ்வொரு விண்ணப்பமும் ஒரு காகிதக் கட்டாக வளர்கிறது. பதிவுச் சான்றிதழ் முதலில் வரும். யாழ்ப்பாணத்தில் ‘எழுத்து’ முடிந்திருந்தால் அது இருக்கும். கோயிலில் தாலி கட்டிவிட்டு எழுத்தைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களும், வன்னியில் 2009இல் இடம்பெயர்ந்து ஓடியபோது பெட்டியோடு பறிகொடுத்தவர்களும் சத்தியக்கடதாசி முடித்து வைப்பார்கள். பிறகு தொலைபேசிப் பில்கள், வாட்ஸ்அப் அழைப்புகளின் பட்டியல், வங்கி வழியே அனுப்பிய பணத்தின் ரசீதுகள். வங்கிக்கு வெளியே உண்டியல்காரர் வழியாக அனுப்பிய பணத்துக்கு ரசீது கிடையாது என்பதால் ஆண்டுக்கணக்கில் மனைவியைப் பராமரித்தவர்கூட ஒன்றும் அனுப்பாதவர்போல் தெரிவார். நேர்காணலில் இருவரையும் தனித்தனியே கேட்பார்கள்: பெண் பார்க்க யார் யார் வந்தார்கள், கலியாணத்தன்று சாப்பாட்டுக்கு என்ன, கணவர் இப்போது எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார், அறையில் கூட இருப்பவர் பெயர் என்ன. இரவு வேலை மாறியதை மனைவியிடம் சொல்ல மறந்த கணவர்கள் அதற்காக விளக்கம் எழுதியிருக்கிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டுக் குடும்ப ஒருங்கிணைப்பு உத்தரவு அகதிகளுக்கு இந்த விஷயத்தில் ஒரு சலுகை தருகிறது. ஆவணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக்கூடாது. வேறு சான்றுகளையும் பார்க்க வேண்டும். வருமானம், வீடு முதலிய நிபந்தனைகளிலிருந்தும் விலக்கு உண்டு, ஆனால் மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று நாடுகள் கெடு வைக்கலாம். ஜெர்மனி அந்தக் கெடுவை வைத்திருக்கிறது. அகதி நிலை உறுதியான நாளிலிருந்து மூன்று மாதம். மனைவி தூதரகத்தில் நேரம் வாங்கும் வரை காத்திருந்தால் கெடு போய்விடும் என்று பலருக்குத் தெரியாது. கணவரே ஜெர்மனியிலிருந்தபடி, மனைவியை அழைக்கப்போகிறேன் என்று உரிய காலத்தில் எழுதித் தெரிவித்துவிட்டால் கெடு காப்பாற்றப்படும். அந்த ஒரு கடிதத்தை எழுதாததால், பின்னாளில் சம்பளச் சீட்டும் சதுர மீட்டரும் காட்டும்படி ஆனவர்கள் உண்டு.

கெடு எவ்வளவு கொடூரமாக முடியும் என்பதற்கு அஃப்ரின் வழக்கைக் காட்டலாம். பெல்ஜியம் 2022 ஆகஸ்டில் ஒரு சிரியரை அகதியாக ஏற்றது. மனைவியும் இரண்டு குழந்தைகளும் வடமேற்குச் சிரியாவின் அஃப்ரின் நகரில் இருந்தார்கள். வழக்கறிஞர் மின்னஞ்சலில் விண்ணப்பம் அனுப்பினார். பெல்ஜியத் தூதரகம் எதிலாவது நேரில் வந்து கொடுத்தால்தான் ஏற்போம் என்று அதிகாரிகள் பதில் எழுதினார்கள். சிரியாவில் பெல்ஜியத் தூதரகம் இல்லை. அங்காரா, பெய்ரூட், அம்மான் என்று எங்கே போவதானாலும் எல்லை தாண்ட வேண்டும். சண்டை நடக்கும் பாதையில் இரண்டு குழந்தைகளோடு, எல்லையில் அனுமதியும் இல்லாமல். 2023 ஏப்ரல் 18ஆம் தேதி லக்ஸம்பர்க்கின் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இதை நிராகரித்தது. போக முடியாத இடத்துக்கு வரச்சொல்லி உரிமையை இல்லாமலாக்கக் கூடாது. விண்ணப்பத்தைத் தொலைவிலிருந்தே வாங்கிக்கொண்டு, நேரில் பார்க்க வேண்டிய கட்டம் வரும்போது அதற்கு வழி செய்து தர வேண்டும் என்றது. சாதாரண அறிவுக்கு எட்டும் இந்த முடிவுக்கு ஐரோப்பாவின் உயர்ந்த நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

தேதிகளுக்கு அடுத்தபடி தரம். எல்லா அகதியும் ஒரே தரம் அல்ல. தனிப்பட்ட முறையில் தேடப்படுபவர் 1951 உடன்படிக்கை அகதி. போரின் பொதுவான ஆபத்திலிருந்து தப்பியவருக்குத் துணைநிலைப் பாதுகாப்பு என்ற தாழ்ந்த தரம். குண்டு விழும்போது இந்த வேறுபாடு தெரிவதில்லை, விசா அலுவலகத்தில் தெரியும். ஜெர்மனி 2016 மார்ச்சில் துணைநிலைப் பாதுகாப்பு பெற்றவர்கள் குடும்பத்தை அழைப்பதை இரண்டு ஆண்டு நிறுத்தியது. 2018 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,000 பேர் என்ற வரம்போடு திறந்தது. 2025 ஜூலையில் மறுபடி இரண்டு ஆண்டுக்கு மூடியது. ஸ்வீடனும் 2016 முதல் 2019 வரை இதே கதவைச் சாத்தி வைத்திருந்தது.

டென்மார்க் இன்னும் வெளிப்படையாக நடந்துகொண்டது. 2015இல் ஒரு தற்காலிகப் பாதுகாப்பு வகையை உருவாக்கி, அதன் கீழ் வருவோர் ஓராண்டு காத்திருந்த பிறகே குடும்பத்தை அழைக்கலாம் என்றது. 2016 பிப்ரவரியில் அதை மூன்று ஆண்டாக்கியது. அகதிகளின் நகைகளையும் பணத்தையும் பறிமுதல் செய்ய வழிசெய்து உலகப் பத்திரிகைகளில் அடிபட்டதே, அதே சட்டத்தில்தான். நகை விஷயம் தலைப்புச் செய்தியானது. மூன்று ஆண்டு விஷயம் உள்பக்கத்தில் கிடந்தது. டமாஸ்கஸிலிருந்து வந்த ஒரு மருத்துவர், 1990இல் மணந்த மனைவியை அழைக்க 2015 நவம்பரில் விண்ணப்பித்து மறுக்கப்பட்டார். எம்.ஏ. எதிர் டென்மார்க் என்று அறியப்படும் அவருடைய வழக்கில், 2021 ஜூலை 9ஆம் தேதி ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றத்தின் பேராயம் 16க்கு 1 என்ற கணக்கில் டென்மார்க்குக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கால் நூற்றாண்டு சேர்ந்து வாழ்ந்தவர்களை, அவர்கள் கதை என்ன என்று தனியாகப் பார்க்காமலே மூன்று ஆண்டு பிரித்து வைப்பது குடும்ப வாழ்வுக்கான உரிமையை மீறுவதாகும் என்றது.

இந்தத் தீர்ப்பை வெற்றி என்று கொண்டாடியவர்கள் அதன் மறுபக்கத்தையும் வாசித்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுவரை காத்திருக்க வைப்பதை நீதிமன்றம் தவறென்று சொல்லவில்லை. டென்மார்க் மூன்றை இரண்டாக்கியது. மூன்று ஆண்டு விதி வைத்திருந்த சுவிட்சர்லாந்தின் நீதிமன்றமும் 2022இல் அதே இரண்டுக்கு இறங்கி வந்தது. கூடாது என்று விதித்த எல்லையே நடைமுறையில் அனுமதிக்கப்பட்ட அளவாகிவிட்டது.

அரசுகள் தரப்பிலும் வாதம் உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. வீடு இல்லை, பள்ளியில் இடமில்லை, ஒருவரை ஏற்றால் நால்வர் வருகிறார்கள் என்பார்கள். நெதர்லாந்தில் 2022 கோடையில் தெர் ஆபெல் முகாம் நிரம்பி வழிந்து மக்கள் வெளியே புல்தரையில் படுத்தது உண்மை. அப்போது அந்த அரசு கண்டுபிடித்த தீர்வு, அகதிக்கு வீடு ஒதுக்கும் வரை, அதிகபட்சம் 15 மாதம், மனைவி மக்களின் விசாவைப் பிடித்துவைப்பது. சட்டத்தில் இதற்கு இடமே இல்லை என்று கீழ்நீதிமன்றங்கள் சொல்லின; 2023 பிப்ரவரியில் அரசவை என்ற உயர் அமைப்பும் உறுதிசெய்தது. வீட்டுப் பற்றாக்குறைக்கு வீடு கட்டுவதை விட விசாவை நிறுத்துவது சுலபமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

ஆனால் விசாவை நிறுத்தினால் மனைவிமார் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள் என்ற அனுமானம் பொய். ஆஸ்திரேலியாவின் அனுபவத்தைப் போல இதைத் தெளிவாகக் காட்டும் வேறு சான்று இல்லை. 1999 அக்டோபரில் ஜான் ஹோவார்ட் அரசு, படகில் வந்து அகதியென்று நிரூபித்தவர்களுக்கும் மூன்றாண்டுத் தற்காலிக விசா மட்டும் தந்தது. அந்த விசாவில் குடும்பத்தை அழைக்க முடியாது. வெளிநாடு போனால் திரும்பி வரவும் முடியாது. படகுகள் நின்றுவிடும் என்றார்கள். நிற்கவில்லை, அதுவரை பெரும்பாலும் தனி ஆண்களை ஏற்றிவந்த படகுகளில் பெண்களும் குழந்தைகளும் ஏறத் தொடங்கினார்கள். கணவன் சிட்னியில், மெல்பர்னில். சட்டப்படி சேர வழியில்லை. மிஞ்சியது கடல்.

2001 அக்டோபர் 18ஆம் தேதி சுமத்ராவின் பந்தர் லம்புங்கிலிருந்து கிளம்பிய ஒரு பழைய மீன்பிடிப் படகில் நானூற்றுக்கும் மேற்பட்டோர் நெருக்கி ஏற்றப்பட்டிருந்தார்கள், பெரும்பாலும் ஈராக்கியர். மறுநாள் அது மூழ்கியது. 353 பேர் இறந்தார்கள். அவர்களில் 146 பேர் குழந்தைகள், 142 பேர் பெண்கள், 65 பேர் ஆண்கள். இந்தக் கணக்கே கதையைச் சொல்லிவிடும். ஏற்கெனவே ஆஸ்திரேலியா போய்விட்ட ஆண்களின் மனைவி மக்கள் அதில் நிறைய இருந்தார்கள். சீவ் எக்ஸ் என்று அந்தப் படகை ஆஸ்திரேலியர் குறிப்பிடுகிறார்கள். பிழைத்த ஒரு தாய் மூன்று மகள்களைப் பறிகொடுத்திருந்தார். கணவர் சிட்னியில் இருந்தார். இந்தோனேசியா போய் மனைவியைத் தேற்ற அவர் அனுமதி கேட்டபோது, போகலாம், ஆனால் திரும்பி வர முடியாது என்று பதில் கிடைத்தது. அவர் போகவில்லை. மனைவி ஆஸ்திரேலியா வந்து சேர மாதங்கள் ஆயின.

அந்தத் தற்காலிக விசாவை 2008இல் கெவின் ரட் அரசு ஒழித்தது. 2014இல் மீண்டும் கொண்டுவந்தார்கள். இந்தச் சுற்றில் ஈழத்தமிழரும் பெருமளவில் மாட்டினார்கள். பத்தாண்டு கடந்து, 2023 பிப்ரவரியில், தற்காலிக விசாவில் இருந்த ஏறத்தாழ 19,000 பேர் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பு வந்தபோது, பலர் ஊரில் விட்டுவந்த குழந்தைகள் வளர்ந்து, சார்ந்திருக்கும் பிள்ளைகள் என்ற வகையில் அழைக்க முடியாத வயதை எட்டியிருந்தார்கள். மனைவியை அழைக்கலாம். மகனை விட்டுவிட்டு வர வேண்டும். இப்படி ஒரு தேர்வை எந்தச் சட்டமன்றமும் வாய்விட்டுக் கேட்டிருக்காது. காலம் அதன் சார்பில் கேட்டுவிட்டது.

இந்தப் பாடத்துக்குப் பிறகும் பிரிட்டன் அதே திசையில் நடந்தது. அகதி நிலை பெற்றவர் கட்டணமும் வருமானச் சான்றும் இல்லாமல் மனைவி, குழந்தைகளை அழைக்கும் ஏற்பாட்டில் 2025 செப்டம்பர் 4ஆம் தேதி பிற்பகல் 3 மணியோடு புதிய விண்ணப்பங்கள் நிறுத்தப்பட்டன. அந்த விசாவில் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நிறுத்திய பிறகு அகதியும் குடிமக்களைப் போலப் பொதுவழியில் கேட்க வேண்டும்: ஆண்டு வருமானம் குறைந்தது 29,000 பவுண்ட், விசாக் கட்டணம், மனைவிக்கு ஆங்கிலத் தேர்வு. அசைலம் முடிவு வரும்வரை பொதுவாக வேலை செய்யவே அனுமதிக்கப்படாதவர், முடிவு வந்த கையோடு அந்தச் சம்பளத்தைக் காட்ட வேண்டும்.

தஞ்சம் கேட்ட நாட்டுக்குள்ளேயே மணந்துகொண்டவர்களின் சிக்கல் தனி ரகம். ஜிம்பாப்வேயிலிருந்து 2002இல் பிரிட்டன் வந்த ஒரு பெண்ணின் அசைலம் நிராகரிக்கப்பட்டது. அவர் அங்கே தஞ்சம் பெற்ற தன் நாட்டவர் ஒருவரை மணந்தார், ஒரு மகள் பிறந்தாள். கணவரோடு வாழ விரும்பினால் ஜிம்பாப்வேக்குத் திரும்பி அங்கிருந்து மனைவி விசாவுக்கு விண்ணப்பியுங்கள் என்றது உள்துறை. கணவர் அகதி, கூடப் போக முடியாது. குழந்தையைக் கொண்டுபோவதா, விட்டுப்போவதா? 2008 ஜூனில், மேல்முறையீட்டை விசாரித்த பிரபுக்கள் சபை இதை ஏற்கவில்லை. முடிவில் திரும்பி வரத்தான் போகிறார் என்று தெரிந்திருந்தும், வரிசையை மதிக்க வேண்டும் என்பதற்காக மட்டும் ஒருவரை அனுப்பிவைப்பதை அது சாடியது. கனடா 2005 முதலே, நிராகரிக்கப்பட்டவரானாலும் கனடாவில் துணை இருந்தால் நாட்டுக்குள்ளிருந்தே ஸ்பொன்சர் விண்ணப்பம் போட விடுகிறது. நடுத்தெருவில் நிற்கும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு அது கைகொடுத்தது.

கடைசியாக, வந்து சேரும் மனைவி என்ன நிலையில் வந்து சேர்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். பேச்செல்லாம் கணவரின் அச்சத்தைப் பற்றியே நடந்திருக்கும். பிரிட்டனில் நிறுத்தப்பட்ட அந்த ஏற்பாட்டில் வந்த மனைவிக்குக் கிடைத்தது கணவரின் காலக்கெடுவோடு ஒட்டிய வசிப்புரிமைதான், தானே அகதி என்ற நிலை அல்ல. ஆனால் கணவர் போன பிறகு ஊரில் விசாரணைக்கு இழுக்கப்பட்டது அவர்தான். வீட்டு வாசலில் சிஐடி வந்து நின்றது அவரிடம்தான். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் உண்டு. அதைக் கணவரிடம் சொல்லாதவர்களும் உண்டு. கணவர் எழுதித்தந்த கதைக்குள் தன் கதை அடங்காது என்பதாலேயே சொந்த வழக்கைத் தொடுக்காமல் விட்டவர்கள், மணவாழ்வு முறிந்தபோது அடியோடு ஆதாரமில்லாமல் நின்றிருக்கிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013ஆம் ஆண்டு அசைலம் நடைமுறை உத்தரவு இதை எண்ணிப் பார்த்திருக்கிறது. ஒருவர் தன் விண்ணப்பத்தில் துணையைச் சேர்க்கும்போது, அந்தத் துணையைத் தனியே அழைத்து, இதன் விளைவுகள் இவை, தனியாகவும் நீங்கள் விண்ணப்பிக்கலாம் என்று சொல்லியாக வேண்டும். பெண் அதிகாரியும் பெண் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும் என்று கேட்டால் இயன்றவரை தர வேண்டும். தமிழ் வழக்குகளில் பின்னது முன்னதைவிட முக்கியம். மொழிபெயர்க்க வருபவர் பக்கத்து ஊர்க்காரராக, கணவரின் கோயில் நண்பராக இருக்க வாய்ப்பு அதிகம். அவரை மாற்றித் தாருங்கள் என்று நேர்காணல் தொடங்கும் முன்பே கேட்கலாம், காரணம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை, அதனால் வழக்கு கெடாது என்பதைப் புலம்பெயர் நாடுகளின் தமிழ்ச் சங்கங்கள் தங்கள் அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தால் போதும், ஸ்பொன்சரில் வந்திறங்கும் பெண்களில் சிலராவது முதல் வாரத்திலேயே அதைப் படிப்பார்கள்.